கார் வாட்டர் பம்ப் 14 மாதத்தில் மீண்டும் கசிகிறது: பம்பை மட்டும் மாற்றினால் போதுமா?

காட்பாடி_டீசல்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2013ஆம் ஆண்டில் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் கார் இருக்கிறது. இதுவரை 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைக்க டைமிங் செயின் கொண்ட எஞ்சின் என்பதால், தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிடும் வாட்டர் பம்பைச் சுழற்றுவது வெளியே உள்ள ஃபேன் பெல்ட்தான். சென்ற ஆண்டு பங்குனியில் பம்ப் கசிந்ததால் புதிய பம்ப் போட்டோம். அதன் பிறகு 18,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மறுபடியும் காலையில் வண்டியை எடுக்கும்போது தரையில் ஈரம் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரிக்கு ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் பாதியைக் கடந்து மேலே போயிற்று. ஏசியை நிறுத்திவிட்டு, ஓரமாக ஒதுங்கி அரை மணி நேரம் காத்திருந்து, மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தோம். எங்கள் மெக்கானிக், பம்ப் டூப்ளிகேட்டாக இருந்திருக்கும், வேறு வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். வாரத்துக்கு அரை லிட்டர் வரை தண்ணீர் குறைகிறது. வீட்டுக் கிணற்றடிக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பம்பை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பாகாயம்_பட்டறை

22 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் வாங்குவதற்கு முன், கசிவது பம்ப்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தாலும், தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) உட்காரும் கூட்டின் கேஸ்கட் போயிருந்தாலும் தண்ணீர் எஞ்சின்மீது வழிந்து பம்புக்குக் கீழேதான் சொட்டும். பாவம், பழி பம்பின் தலையில் விழும்.

பம்பின் உடலில், தண்ணீரை மறிக்கும் சீலுக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே அடிப்பக்கமாக ஒரு சிறு துளை இருக்கும். சீலைத் தாண்டி வரும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பேரிங்குக்குள் புகாமல் வெளியே போகட்டும் என்பதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். புதுப் பம்பிலும் முதல் சில நாள் அங்கே லேசான கறை தெரியலாம், அது குற்றமல்ல. ஆனால் சொட்டினால் சீல் முடிந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்து அனுப்பிய வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். கசிவு நின்றுவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ந்திருப்பார். உள்ளேயோ பேரிங் துருப்பிடித்து, ஒரு நாள் நடுவழியில் இறுகிப் பெல்ட்டை அறுத்துவிடும்.

எஞ்சின் ஆறிய பின் பெல்ட்டைக் கழற்றி, பம்பின் புல்லியை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. பிறகு கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற உணர்வு வந்தால் பேரிங் போய்விட்டது. பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்பதையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், எனக்கு அதில்தான் சந்தேகம்.

காட்பாடி_டீசல்

பார்த்துவிட்டேன், ஐயா. ஹோஸ்கள் உலர்ந்திருக்கின்றன. அந்தத் துளைக்குக் கீழே, தேனடைபோல் வெள்ளையாக ஒரு படிவு காய்ந்து கெட்டித்திருக்கிறது. புல்லியில் ஆட்டம் இருக்கிறது, மிகச் சிறிதுதான். தண்ணீர் எங்கள் போர்வெல் தண்ணீர். 400 அடி ஆழம். அதில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். சென்ற முறை பம்ப் மாற்றியபோது கூலண்ட் ஒரு லிட்டர் ஊற்றியதாகவும், மீதியைத் தண்ணீரால் நிரப்பியதாகவும் ஞாபகம்.

போளூர்_பழையவர்

தம்பி, நான் 1984 முதல் அம்பாசடர் ஓட்டியவன். போளூர், திருவண்ணாமலை, வேலூர் என்று டாக்ஸி ஓட்டி மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். ஏரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், சில நேரம் வழியில் வயல் வாய்க்கால் தண்ணீர் என்று எது கிடைத்தாலும் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறோம். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஊர் வந்து சேர்ந்ததும் உண்டு. கூலண்ட் என்பது பனி உறையும் நாட்டுக்காரன் கண்டுபிடித்தது. அக்னி நட்சத்திரத்தில் முட்டையைத் தார்ச்சாலையில் உடைத்தால் வெந்துவிடும் இந்த ஊரில், உறையாமல் காப்பதற்கு ஒரு மருந்து எதற்கு? இது முழுக்க வியாபாரம் என்பதே என் கருத்து.

பாகாயம்_பட்டறை

பெரியவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை, அதை மறுக்கமாட்டேன். உங்கள் அம்பாசடரில் எஞ்சினின் பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். தண்ணீர்ப் பாதைகள் அகலமானவை. அந்த உடம்பு எதையும் தாங்கும். இன்றைய காரில் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரின் குழல்களும் மெல்லிய அலுமினியம். வாய்க்கால் தண்ணீரை அதற்குள் விடுவது, ரசத்தைப் பித்தளைச் செம்பில் ஊற்றி வைப்பதைப் போன்றது.

உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை, நமக்கு அது தேவையில்லை. மற்ற மூன்று வேலைகள் நமக்கு நிச்சயமாகத் தேவை. கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் சரிபாதியும் சரிபாதி தூய நீரும் கலந்தால் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 107 டிகிரிக்கு உயர்கிறது. அதோடு ரேடியேட்டர் மூடி ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும்போது அது 125 டிகிரிக்கு மேல் போகிறது. அடுத்தது, அதில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் உலோகம் அரிக்காமல் காக்கின்றன. கடைசியாகச் சொல்வதுதான் இந்த இழைக்கு முக்கியம்: பம்பின் சீல் என்பது ஒன்றன்மீது ஒன்று உரசிச் சுழலும் இரண்டு வழவழப்பான முகங்கள், பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றொன்று பீங்கான் போன்ற கடினப் பொருள். அவற்றுக்கு நடுவே மயிரிழையை விட மெல்லிய படலமாகக் கூலண்டே நின்று மசகாக இருக்கிறது. அந்தப் படலத்தில் உப்பும் சுண்ணாம்பும் வந்தால், அம்மிக்கல்லில் மணலைப் போட்டு அரைத்த கதைதான். பம்ப் டூப்ளிகேட்டாக இருந்திருக்கலாம். நல்ல பம்பாக இருந்திருந்தாலும் இந்தத் தண்ணீரில் நெடுநாள் வாழ்ந்திருக்காது.

குடியாத்தம்_வேதியியல்

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், அதனால் ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. நண்பரின் தண்ணீரை 600 என்று வைத்துக்கொள்வோம். வாரம் அரை லிட்டர் என்றால் ஆண்டுக்கு 26 லிட்டர். அதில் வந்து சேரும் சுண்ணாம்பு வகை சுமார் 15 கிராம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: சொட்டிப்போகும் தண்ணீர் தன் உப்பையும் எடுத்துக்கொண்டுதானே போகிறது, பிறகு உள்ளே எப்படிச் சேரும்? கால்சியம் பைகார்பனேட் சூடானால் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கரையாத கார்பனேட்டாக மாறுகிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும்; கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். ஆகவே எஞ்சினுக்குள் மிகச் சூடான இடம் எதுவோ, அதாவது எரியறைக்கு மேலே உள்ள ஹெட்டின் சுவர் எதுவோ, அங்கேதான் அது முதலில் ஒட்டும். வெளியே சொட்டுவது பெரும்பாலும் சுண்ணாம்பை உள்ளே இறக்கி வைத்துவிட்ட தண்ணீர். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போல கூலண்ட் வழியாக வெளியேற வேண்டியிருக்கும்போது, நடுவில் இப்படி ஒரு போர்வை இருந்தால் ஏலகிரியில் முள் ஏறத்தான் செய்யும்.

பாலாற்றுப் படுகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. தோல் பதனிடும் தொழிலில் தோலைக் கெடாமல் வைக்க உப்பிடுவதால், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் குளோரைடு மிகுதி. உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த வழக்கே இதைப் பற்றியதுதான். குளோரைடு அலுமினியத்தின் மேற்படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வேலூரைப் பற்றிய பழைய கேலிப் பேச்சில் வரும் தண்ணீரில்லாத ஆறு, நிலத்தடியிலும் நம்மை விட்டுவைக்கவில்லை.

போளூர்_பழையவர்

ஆசிரியர் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. இரண்டு கோடைக்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, ஷாஃப்ட்டும் பேரிங்கும் சீலும் கொண்ட கிட் வாங்கி, லேத்துப் பட்டறையில் பிரஸ் போட்டு மாற்றியிருக்கிறோம். ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வதும் ஆண்டுதோறும் நடந்தது. அவற்றையெல்லாம் வண்டியின் குற்றம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை, ஆயுத பூசைக்குக் கழுவுவதைப் போல வழக்கமான வேலை என்றிருந்தோம். ஆனாலும் இந்தத் தெர்மோஸ்டாட் என்பதை இந்த ஊர் வெயிலுக்குக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று நான் இன்றும் சொல்வேன்.

பாகாயம்_பட்டறை

அதை மட்டும் செய்யாதீர்கள், ஐயா. தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நெடுநேரம் ஆகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானம் மிகும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே சுற்றுவழிப் பாதை மூடுகிறது. கழற்றிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, மலையேற்றத்தில் சூடு இன்னும் அதிகமாகும். பம்ப் மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போடுங்கள், விலை பெரிதல்ல.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றச் சொல்வேன். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கத்தில் சிறு குமிழிகள் உண்டாகி, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் மீது வெடித்து அதை அரித்து எடுத்துவிடும். கழற்றிய பழைய இம்பெல்லரில் பூச்சி அரித்தது போன்ற குழிகள் தெரிந்தால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வி-பெல்ட் வண்டிகளில் இரு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் என்பது கைக்கணக்கு. கிரீச்சென்ற சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகப் பெல்ட்டை முறுக்கி இறுக்குகிறார்கள். சத்தம் நிற்கும், பம்பின் பேரிங் சாகும். தானாக இழுவையைச் சரிசெய்யும் டென்ஷனர் உள்ள வண்டியில், அந்த டென்ஷனர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாணியம்பாடி_ஆசிரியை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடைய கார் 1.5 லிட்டர் ரெனோ கே9கே டீசல் எஞ்சின். அதில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்கிறார்கள். பம்பில் கசிவு எதுவும் இல்லை, ஆனால் டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது. பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்று பட்டறையில் சொல்வது வியாபாரத் தந்திரமா?

பாகாயம்_பட்டறை

தந்திரம் இல்லை, அம்மா. அந்த எஞ்சினில் பம்ப் டைமிங் பெல்ட்டின் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பம்ப் இறுகினாலோ பேரிங் ஆடினாலோ பெல்ட் பல் நழுவும். நழுவினால் பிஸ்டன் வால்வில் மோதும். மேலும், பம்புக்குக் கை எட்ட வேண்டுமானால் பெல்ட், டென்ஷனர் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இப்போது விட்டுவிட்டு ஆறு மாதத்தில் பம்ப் கசிந்தால், முழுக் கூலியையும் இரண்டாம் முறை கொடுப்பீர்கள். கூலண்ட் நனைத்த புதுப் பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டிவரும். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காட்பாடி நண்பருக்கு நிலைமை வேறு. அவர் பம்ப் வெளிப் பெல்ட்டில் ஓடுவதால், கெட்ட பின் மாற்றினால் போதும். ஆனால் அவர் முதலில் உள்ளே கழுவ வேண்டும்.

காட்பாடி_டீசல்

கழுவுவது எப்படி? தண்ணீரில் வாஷிங் சோடா கலந்து ஓட்டச் சொல்கிறார்கள்.

குடியாத்தம்_வேதியியல்

சோடா வேண்டாம். காரம் அலுமினியத்தைத் தின்னும். காஸ்டிக் சோடா என்றால் கேட்கவே வேண்டாம். கார்பனேட்டைக் கரைக்க மென்மையான அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் பொருத்தமானது, ஆனால் நீர்த்த கரைசலாகவும் குறைந்த நேரத்துக்கும் மட்டுமே. இரவெல்லாம் உள்ளே விட்டுவைத்தால் அதுவும் உலோகத்தைத் தொடும். தயங்குபவர்கள், அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் வாங்கிக்கொள்வது நல்லது.

பாகாயம்_பட்டறை

பழைய பம்ப் இருக்கும்போதே கழுவுங்கள். உதிரும் அழுக்கைப் புதுப் பம்பின் சீல் ஏன் சந்திக்க வேண்டும்? கழுவி, தெளிந்த நீர் வரும்வரை இரண்டு மூன்று முறை வடித்த பின் பம்பைக் கழற்றலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. வடித்த கூலண்டைச் சாக்கடையிலோ தெருவிலோ விடாதீர்கள். அது இனிக்கும், நாயும் மாடும் நக்கும், எத்திலீன் கிளைக்கால் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். கேனில் மூடி, பழைய எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

கழற்றும் போல்ட்டுகள் பல வண்டிகளில் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் பம்பின் வடிவை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதை ஆழமற்ற துளையில் திருகி பிளாக்கை உடைத்த கதைகள் உண்டு. பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டை இரும்புச் சுரண்டியால் சுரண்டாதீர்கள். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல்தான் அடுத்த கசிவு. புதுப் பம்ப் ஓ-ரிங்கோடு வந்தால் அதைக் கூலண்டில் நனைத்துப் போட்டால் போதும், பசை எதுவும் வேண்டாம். கேஸ்கட் உள்ள இடத்தில் சிலிகோன் பசையைப் பிதுங்கப் பிதுங்கத் தடவுவது நம் ஊர்ப் பட்டறைகளின் பெரிய நோய். பிதுங்கியது உள்ளே உதிர்ந்து ரேடியேட்டரின் குழலைப் போய் அடைக்கும். போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பலத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

நிரப்புவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். முன்கலந்த கூலண்ட் வாங்குங்கள், அல்லது அடர் கூலண்டைப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டரோடு சரிபாதியாகக் கலந்துகொள்ளுங்கள். ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தர எண் புட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்காதீர்கள். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மெல்ல ஊற்றியபடி மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். காற்று உள்ளே தங்கினால் புதுப் பம்ப் வறண்டு சுழலும். சீல் வறண்டு சுழன்றால் சில நிமிடங்களிலேயே கெடும். ரேடியேட்டர் விசிறி தானாக ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, மட்டத்தை மறுபடி பாருங்கள்.

காட்பாடி_டீசல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் நீங்கள் சொன்ன வரிசையில் செய்தோம். கழுவும்போது முதல் இரண்டு முறை சுண்ணாம்புக் கலங்கலாகவே வந்தது, நான்காம் முறைதான் தெளிந்தது. கழற்றிய பம்பின் இம்பெல்லரில் வெள்ளைப் படிவும், அதன் விளிம்பில் ஊசி குத்தியது போன்ற குழிகளும் இருந்தன. மூடியைச் சோதித்ததில் அது அழுத்தத்தைப் பாதிகூடப் பிடிக்கவில்லை. டென்ஷனர் நன்றாக இருந்ததால் பெல்ட்டை மட்டும் மாற்றினோம். மெக்கானிக் சிலிகோன் குழாயை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். சற்று முகம் சுளித்தாலும் கேட்டுக்கொண்டார்.

நேற்று மறுபடி ஏலகிரிக்கு ஏறினோம், இந்த முறை வேண்டுமென்றே பகல் இரண்டு மணிக்கு. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 வளைவுகளையும் ஏசியோடு கடந்தோம். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. 600 கிலோமீட்டருக்குப் பிறகு கூலண்ட் மட்டம் விரல் பருமன் குறைந்திருக்கிறது. இதற்காகக் கவலைப்பட வேண்டுமா?

பாகாயம்_பட்டறை

வேண்டாம். உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியதால் ஒரு முறை அப்படிக் குறையும். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, அதே கலவையை ஊற்றி அதிகபட்சக் கோட்டுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த 1,000 கிலோமீட்டரில் அதற்குக் கீழே இறங்கினால் துளைக்கடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை இரவு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

போளூர்_பழையவர்

பின்பக்கத்தில் எப்போதும் இரண்டு லிட்டர் பேட்டரி வாட்டர் வைத்திரு, தம்பி. வழியில் குறைந்தால் கை போர்வெல் பக்கம் போகாது. நானும் பேரனின் வண்டிக்கு இன்று ஒரு கேன் வாங்கி வைத்தேன். எதற்கு என்று அவன் கேட்டான், பேட்டரிக்கு என்று சொல்லிவிட்டேன்.